அவித்தமுட்டைக்கு வந்த பதில்

பெப்பு
ஏப்ரல் 8, 2018

அன்புள்ள அப்பாவுக்கு,

இபுகி எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம். உங்கள் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? சுவா ஏரிப் பக்கம் செர்ரி பூத்துவிட்டதா? இங்கே பூத்து, உதிர்ந்து, வெந்நீர் ஆவியில் வெந்தும் போய்விட்டது.

இப்படித்தான் தொடங்கவேண்டும் என்று சமரச அலுவலகத்தில் ஹிதாகா அம்மா சொல்லிக்கொடுத்தார். நம் இருவர் கடிதத்தையும் அவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவாராம். வணக்கம் ஹிதாகா அம்மா, உங்களுக்கும் சௌக்கியம்தானே?

ஒரு மாதம் நான், மறு மாதம் நீங்கள். போன் கூடாது, மின்னஞ்சல் கூடாது, நேரில் பார்க்கக் கூடாது. எனக்குப் பதினைந்து வயது ஆகும்வரை இதுதான் ஏற்பாடு. நீங்களும் அம்மாவும் போனில் சண்டை போட்ட ஒவ்வொரு முறையும் நான் வாந்தி எடுத்தேன் என்பதற்காக இவ்வளவும். எனக்கு அது எப்போதோ சரியாகிவிட்டது. பெரியவர்களுக்குத்தான் இன்னும் சரியாகவில்லை.

செய்தி ஒன்று இருக்கிறது. எங்கள் கன்னாவா தெருவில் ஒரு பொதுக் குளியல்கூடம் உண்டு. ஊற்றுத் தண்ணீர் நேராகத் தொட்டியில் விழும். அது ஒருநாள் இதமாக இருக்கும், ஒருநாள் தோலை உரிக்கும். முன்பு சலூன் வைத்திருந்த ஹபு தாத்தா போன மாதம் தொட்டுப் பார்க்காமல் இறங்கி மயங்கி விழுந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். எங்கள் அறிவியல் மன்றத்தில் (மொத்தம் மூன்றே பேர்) ஒரு விளக்கு செய்யப்போகிறோம். தண்ணீர் அளவாக இருந்தால் வாசலில் நீலம் எரியும், கொதித்தால் சிவப்பு. அதற்குச் சர்க்யூட் போர்டு வரையவேண்டும். ஆசிரியர், "அமென்போன்னு ஒரு மென்பொருள் இருக்கு. காசு வேண்டாம். யார் வேணாலும் எடுத்துக்கலாம், பிடிக்கலன்னா திருத்திக்கவும் செய்யலாம்" என்றார்.

திறந்ததும் அதை எழுதியவர் என்று திரையில் உங்கள் பெயர் வந்தது. பக்கத்தில் இருந்த பையன், "யாஜிமாவாம். உன் சொந்தக்காரரா?" என்று கேட்டான். "உலகத்துல யாஜிமா நிறைய பேர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இபுகி


ஒகாயா
மே 13

அன்பு மகள் இபுகிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தோள் வலி பரவாயில்லை. ஏரிக்கரையில் பூவெல்லாம் முடிந்து இலை விட்டுவிட்டது. நீங்கள் இருவரும் நலம் என்பதில் நிம்மதி.

அமென்போவை நீ பயன்படுத்துகிறாய் என்பதை வாசித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் வீட்டுக்குள் நடந்தேன். சில விஷயங்கள் சொல்லவேண்டும். விளக்குக்குப் போகும் செம்புத் தடத்தை மெல்லியதாக வரையாதே. மென்பொருள் தானாகத் தரும் அகலம் சின்ன மின்னோட்டத்துக்குத்தான். விளக்குக்கு அதைப்போல மூன்று மடங்காவது வேண்டும். தரைத் தடத்தைத் துண்டு துண்டாக விடாமல் ஒரே பரப்பாக நிரப்பு. சென்சாரின் கம்பி நீளமாக இருந்தால் முனையில் ஒரு சிறு மின்தேக்கி போடு. இதையெல்லாம்விட முக்கியமானது, உங்கள் ஊரின் கந்தக ஆவி. அது செம்பைத் தின்னும், வெள்ளியைக் கறுக்கவைக்கும். போர்டுக்குத் தங்க முலாம் கேட்டு வாங்கு. பொருத்தி முடித்தபின் மேலே ரெசின் பூசு. அதற்கென்று ஒரு தனி அடுக்கு அமென்போவில் இருக்கிறது. பிரேசிலில் இருக்கும் எலியாஸ் என்பவர் எழுதிச் சேர்த்தது. அவர் கடலோர ஊரில் தொழிற்பள்ளி ஆசிரியர். உப்புக்காற்றில் அவருடைய போர்டுகள் எல்லாம் அரித்துப்போயினவாம். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை, ஆனால் எட்டு வருடமாக ஏறக்குறைய தினமும் எழுதிக்கொள்கிறோம்.

எங்காவது சிக்கினால் இணையத்தில் அமென்போவின் பொதுப் பக்கத்தில் கேட்கலாம். ஆனால் அங்கே நான் உன்னோடு பேசக்கூடாது என்பது உனக்குத் தெரியும்.

பள்ளி எப்படிப் போகிறது? நன்றாகச் சாப்பிடுகிறாயா? உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல். சொல்லவேண்டாம் என்று தோன்றினால் சொல்லாதே.

அப்பா


பெப்பு
ஜூன் 17

அன்புள்ள அப்பா,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. வீட்டில் துணி காய்வதில்லை. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் குடையை ரயிலில் மறந்துவிட்டு நனைந்துகொண்டு வரும் பழக்கத்தை விட்டுவிட்டீர்களா?

உங்கள் கடிதத்தில் செம்புத் தடத்துக்கு ஒரு பக்கம், எலியாஸுக்கு அரைப் பக்கம், எனக்கு ஒன்றரை வரி. அம்மாவிடம் காட்டினேன். "மாறவே இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

பள்ளி நன்றாகப் போகிறது. நன்றாகச் சாப்பிடுகிறேன். கேள்விகளுக்குப் பதில் சொல்லியாகிவிட்டது.

போர்டுகள் சீனாவிலிருந்து தபாலில் வந்தன. எல்லாமே தப்பு. அமென்போவில் சென்சாரைப் போர்டின் பின்பக்கத்துக்குத் திருப்பி, கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தேன். திரையில் கால்கள் சரியாகத்தான் தெரிந்தன. அச்சுக்குப் போன கோப்பில் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடம் வலம் மாறிவிட்டிருக்கிறது. மின்சாரம் கொடுத்ததும் சென்சார் புகைந்தது. ஆசிரியர் சன்னலைத் திறந்தார். நான் வரைந்ததுதான் தப்பு என்று அந்தப் பையன் நினைக்கிறான்.

விளக்குப் பெட்டி மாட்டும் இடம் தயாராகிவிட்டது. குளியல்கூடத்தின் குழாய்களில் படியும் சுண்ணாம்பைச் சுரண்ட ஒருவர் வருவார். அவரிடம் ஏணி உண்டு. அவர்தான் ஏறி, ஆணி அடித்து, கம்பி வரக் குழாயும் பொருத்திக் கொடுத்தார். போர்டு சரியாக வரவில்லையே என்று நான் சொன்னதற்கு, "பெட்டி காத்திருக்கும், அதுக்கு என்ன வேலை" என்றார்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஹிதாகா அம்மா, நீங்களும்தான்.

இபுகி


ஒகாயா
ஜூலை 15

அன்பு இபுகி,

இங்கே வெயில் கடுமை. ஏரியில் பச்சைப் பாசி படர்ந்து, மாலையில் காற்று வந்தால் வாடை அடிக்கிறது. நான் நலம். குடை இரண்டு தொலைந்தது உண்மை.

நீ எழுதிய பிழையைப் படித்து ஆச்சரியப்பட்டேன். ஏனென்றால் உன் கடிதம் வருவதற்கு இரண்டு வாரம் முன்புதான் பொதுப் பக்கத்தில் ஒருவர் அதே பிழையைச் சொல்லியிருந்தார். அவித்தமுட்டை என்ற பெயரில் எழுதுகிறார். எந்தக் கோணத்தில் சாய்த்தால் வருகிறது, எதில் வரவில்லை என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, படம் எடுத்து, கோப்பையும் இணைத்திருந்தார். பார்த்த அன்று மாலையே உட்கார்ந்து சரிசெய்துவிட்டேன். திருப்புவதும் சாய்ப்பதும் எந்த வரிசையில் நடக்கவேண்டும் என்பதில் பல வருடம் முன்பு நான் செய்த தவறு அது. இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை. இவ்வளவு பொறுமையாக எழுதுகிற ஆள் கிடைப்பது அபூர்வம். இப்படி நாலு பேர் இருந்தால் போதும் என்று அவருக்கு எழுதினேன்.

ஆகவே, புதிய பதிப்பை இறக்கிக்கொள். தவறு உன்னுடையதில்லை என்று அந்தப் பையனிடம் சொல்.

ஏணிக்காரருக்கு நன்றி சொல்லவேண்டும். உயரத்தில் ஏறும்போது யாராவது ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத் தரை வழுக்கும்.

இந்த முறை உனக்கு எத்தனை வரி என்று எண்ணுவாய் என்று தெரியும். கோடை விடுமுறையில் என்ன செய்கிறாய்? நீச்சலுக்குப் போகிறாயா? புதிதாக என்ன படிக்கிறாய்? பதில் எழுதும்போது இவற்றை விட்டுவிடாதே.

அப்பா


பெப்பு
ஆகஸ்டு 19

அப்பா,

நலம்.

அவித்தமுட்டை நான்தான்.

போர்டு புகைந்த அன்று எனக்கு அழுகை வந்தது. உங்களைக் கேட்கவேண்டும் போல இருந்தது. கடிதம் எழுதி, ஹிதாகா அம்மா படித்து, உங்களுக்கு வந்து, உங்கள் முறை வரும்வரை நீங்கள் காத்திருந்து, திரும்ப இங்கே வருவதற்குள் விடுமுறையே வந்துவிடும். அதனால் ஒரு பெயர் வைத்துக்கொண்டு அங்கே எழுதினேன். என் எழுத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவீர்கள், கண்டுபிடித்தாலும் விதி இருப்பதால் பேசாமல் இருந்துவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலமே பதில் வந்தது. "விரிவாக, பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள். மிக்க நன்றி. உங்களைப் போல நாலு பேர் இருந்தால் போதும்." தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். அதை ஒரு தாளில் எழுதிப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

ஜூலைக் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது, அது முட்டைக்கு எழுதியது, எனக்கு இல்லை என்று.

ஒகாயாவில் இருந்தபோது சாப்பாட்டு மேசையில் அம்மா சொல்வாளே, "பிரேசில்ல எவனோ கேட்டா உடனே பதில் வருது. நான் கேட்டா காதுலயே விழல" என்று. அப்போது எனக்கு அம்மா மேல்தான் எரிச்சல் வந்தது. உங்களிடமிருந்து அன்றைக்கே பதில் வரவேண்டுமென்றால் உங்களுக்குத் தெரியாத ஆளாக இருக்கவேண்டும் போலிருக்கிறது.

நீச்சலுக்குப் போகவில்லை.

இபுகி


ஒகாயா
அக்டோபர் 21

அன்பு இபுகிக்கு,

செப்டம்பரில் வரவேண்டிய என் கடிதம் வரவில்லை. அலுவலகத்தோடு சில விஷயங்கள் பேசி முடிக்கவேண்டியிருந்தது. அதனால்தான் தாமதம், வேறொன்றுமில்லை. ஹிதாகா அம்மையார் அன்பாகவே நடந்துகொண்டார். நீ நலமாக இருக்கிறாய் என்று அவர் வழியாகத் தெரிந்தது.

நீ எழுதியது சரி. எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்தது என்று இப்போது சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அது பொய். அவித்தமுட்டை எழுதிய அந்தப் பதிவைப் பிறகு எடுத்துப் பலமுறை படித்தேன். நீ மூன்றாம் வகுப்பில் சொல்வாயே, "முதல்ல இது, அப்புறம் அது, அதுக்கும் அப்புறம் என்னன்னா" என்று, அதே நடைதான். எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இங்கே மலை சிவந்துவிட்டது. இப்போதெல்லாம் மாலையில் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. ஏரியைச் சுற்றிப் பாதி தூரம் நடக்கிறேன். அங்கிருந்து பேருந்தில் திரும்பிவிடுவேன். நோசவானா கீரை வாங்கி உப்பில் ஊறப்போட்டுப் பார்த்தேன். ஒரே உப்பு. கீழ்வீட்டு அம்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். "யாஜிமா சார், இத கழுவிட்டு சாப்பிடணுமா, கழுவிட்டு தூக்கிப் போடணுமா?" என்று கேட்டார்.

விளக்கு எரிகிறதா? ஹபு தாத்தா எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்? எழுத மனமில்லாவிட்டால் ஒரு வரி போதும்.

அப்பா


பெப்பு
நவம்பர் 18

அன்புள்ள அப்பா,

குளிர் வந்துவிட்டது. தெருவெல்லாம் ஆவி கிளம்பி எதிரே வருகிறவர் முகம் தெரிவதில்லை. எனக்கு நேற்றுவரை சளி. அம்மா நலம். நீங்கள் உண்மையிலேயே நலமா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. செப்டம்பர் முதல் நீங்கள் பொதுப் பக்கத்தில் இல்லை. முதலில் எனக்குக் கோபம் தீரவில்லை, அதனால் நான் பார்க்கவில்லை. பிறகு பார்த்தால் உங்கள் பெயர் நிர்வாகிகள் வரிசையிலேயே இல்லை. எலியாஸ் எழுதியிருக்கிறார்: "யாஜிமா எங்கே? தனிப்பட்ட காரணம் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். யாருக்காவது அவர் உடல்நிலை பற்றித் தெரியுமா?" யாருக்கும் தெரியவில்லை. உங்கள் மகளான எனக்கும் தெரியவில்லை என்பதை அங்கே எழுத முடியுமா? நான் கோபமாக எழுதியதால் இப்படிச் செய்தீர்களா? அல்லது ஏதாவது வியாதியா? மறைக்காதீர்கள்.

ஜப்பானிய மொழியில் வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டுக்கு நான் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் என்னை "ஐயா" என்று அழைத்து நன்றி சொன்னார்.

விளக்கு இரண்டு மாதம் எரிந்து அணைந்துவிட்டது. திறந்து பார்த்தால் தடங்கள் எல்லாம் அடுப்புக்கரி மாதிரி. நீங்கள் சொன்னபடி தங்க முலாம் போட்டிருந்தோம். ரெசின் பூசுவதை மட்டும் அந்தப் பையன் அரைகுறையாகச் செய்திருக்கிறான். மறுபடி செய்கிறோம். ஹபு தாத்தா தினமும் வாசலில் நின்று, "இன்னைக்கும் கலரு இல்லையா?" என்று கேட்டுவிட்டு விரலை விட்டுப் பார்த்து இறங்குகிறார்.

இனி எழுதப்போவதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஏணிக்காரர் என்று எழுதியிருந்தேனே, அவர் பெயர் அனாமி. அம்மா அவரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறாள். நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார். என்னை அவர் மகளாகத் தத்தெடுத்துக்கொள்ளவும் தயாராம். பதினைந்து வயதுக்கு முன்பு என்றால் அம்மாவே கையெழுத்துப் போட்டுவிடலாம். அப்படிச் செய்யமாட்டேன், பிப்ரவரி ஒன்பதாம் தேதி உனக்குப் பதினைந்து முடிந்த பிறகு நீயே முடிவு செய் என்று அம்மா சொல்லிவிட்டாள். போட்டால் நான் அனாமி இபுகி.

நான் என்ன செய்யட்டும்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

இபுகி


ஒகாயா
டிசம்பர் 16

அன்பு இபுகிக்கு,

நேற்று முதல் பனி. சளி முழுதும் விட்டுவிட்டதா? எனக்கு எந்த வியாதியும் இல்லை. வேலைக்குப் போய் வருகிறேன். பொதுப் பக்கத்தில் இல்லாததற்கு உன் கடிதம் காரணம் இல்லை. கொஞ்சம் ஓய்வு எடுக்கலாம் என்று தோன்றியது. எலியாஸுக்கு நானே எழுதி விளக்குகிறேன்.

உன் அம்மாவுக்கு என் வாழ்த்தைச் சொல். இதை நிச்சயம் சொல்.

நீ கேட்ட விஷயத்தைப் பல நாள் யோசித்தேன். கையெழுத்துப் போட்டால், ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே பெயர் இருக்கும். உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேரும்போது யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். உன் அம்மாவுக்கு ஏதாவது ஆனாலும் உன்னைப் பார்த்துக்கொள்ளச் சட்டப்படி ஒருவர் இருப்பார். போடாவிட்டால், நீ பழகிய பெயர் அப்படியே இருக்கும், சான்றிதழ்களை மாற்றவேண்டியதில்லை. பின்னால் மனம் மாறினால் அப்போது போட்டுக்கொள்ளலாம். அனாமி அவர்கள் நல்லவர் என்று நீ சொல்வதால் இரண்டு வழியிலும் ஆபத்து இல்லை. இரண்டுமே சரியாக வரும். உனக்கு எது இதமாக இருக்குமோ அதைச் செய்.

என்னைப் பற்றி யோசிக்கவேண்டாம்.

ரெசினை இரண்டு முறை பூசவேண்டும், முதல் பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகு. புத்தாண்டுக்கு மோச்சி அரிசிக்கட்டி சாப்பிடும்போது மெதுவாகச் சாப்பிடு, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

அப்பா


பெப்பு
பிப்ரவரி 11, 2019

அன்புள்ள அப்பா,

எனக்குப் பதினைந்து ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை ஹிதாகா அம்மா படிக்கவில்லை. கடைசியாக ஒருமுறை போய் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜனவரியில் நான் எழுதாததற்கு நுழைவுத் தேர்வு பாதிக் காரணம். மீதி உங்கள் டிசம்பர் கடிதம். உங்களைக் கேட்டது ஒரே வரி. நீங்கள் பொதுப் பக்கத்தில் எழுதுவது மாதிரி எழுதியிருந்தீர்கள். இரண்டுமே சரியாக வருமாம்.

ஆனால் பிறந்தநாள் அன்று நடந்ததைச் சொல்லவேண்டும். சாப்பிட்டு முடித்ததும் அனாமி சார் குளிக்கப் போனார். அம்மாவிடம், அப்பா ஏன் எல்லாவற்றையும் விட்டுவிட்டார் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "உன் ஆகஸ்டு கடிதத்தைப் படிச்சுட்டு ஹிதாகா அம்மா சொன்னாங்க. நீ அங்க போய் எழுதினது ஏற்பாட்ட மீறினதாயிடுச்சுன்னு வக்கீல் சொன்னாரு. அந்தப் பக்கத்துலேர்ந்து உன்னை எடுத்துடணும், இல்லன்னா அவரு வெளிய வரணும், ரெண்டுல ஒண்ணு நடந்தாத்தான் கடிதம் தொடரும்னு எழுதி அனுப்பினோம். உன்னை எடுக்கறது அவருக்கு ஒரு பொத்தானை அமுத்தற வேலை. அதைத்தான் செய்வாருன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அவ இருக்கட்டும், நான் வந்துடறேன்னு எழுதிட்டாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னும் எழுதியிருந்தாரு."

அரிசித் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள். பிறகு சொன்னாள்: "பன்னெண்டு வருஷம் நான் கெஞ்சினேன், இபுகி. வாரத்துல ஒரு நாள் அதை மூடி வைங்கன்னு. ஒரு நாள். கேக்கல அந்த மனுஷன்."

அம்மா அழவில்லை. களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அம்மா முன்னால் அப்படி இருப்பது தப்பாகவும் இருந்தது.

அடுத்த நாள் காலை கையெழுத்துப் போட்டேன். உங்கள் மேல் கோபத்தில் இல்லை. அம்மாவுக்காக. ஏப்ரலில் இருந்து நான் அனாமி இபுகி. ஆனால் அவரை இன்னும் அனாமி சார் என்றுதான் கூப்பிடுகிறேன். அப்பா என்று வாயில் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. இதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள்.

மார்ச்சில் பள்ளி முடிகிறது. இருபத்தாறாம் தேதி மாலை ஒகாயா வருகிறேன். அம்மா சரி என்றுவிட்டாள். இரண்டு நாள் இருப்பேன். நிலையத்துக்கு வாருங்கள். நான் உயரமாகிவிட்டேன், மறுபடியும் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இபுகி


ஒகாயா
மார்ச் 28

அன்பு இபுகிக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் அம்மா போன் செய்தார். நாங்கள் சண்டை போடவில்லை. அவர் சொன்னார், நான் நன்றி சொன்னேன், வைத்துவிட்டோம்.

உன் ரயில் போன பிறகு வீட்டுக்கு வந்தேன். நீ மடித்து வைத்த படுக்கை கூடத்தின் ஓரத்தில் அப்படியே இருக்கிறது. அதை அலமாரியில் வைக்கவேண்டும், இன்னும் வைக்கவில்லை. இந்த வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பழகிப்போயிற்று என்று நினைத்திருந்தேன். இன்றைக்குத்தான் முதல் நாள் போல இருக்கிறது.

இரண்டு நாள் இருந்தாய். உன்னிடம் ஒன்றும் பேசவில்லையே என்று பேருந்தில் நினைத்துக்கொண்டு வந்தேன். கேட்க எவ்வளவோ வைத்திருந்தேன். முதல் நாள் உனக்கு நல்ல சாப்பாடு போடவேண்டும் என்று ஈல் மீன் வாங்கி வந்தேன். ஒகாயாவில் விருந்து என்றால் அதுதானே. நீ ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் சாப்பிட்டாய். அது உனக்குப் பிரியமானது என்று எனக்குத் தோன்றியது. இன்று நடைமேடையில் கதவு மூடும் முன்பு, "அடுத்த தடவை ஈல் வேண்டாம்ப்பா. எனக்கு எப்பவுமே பிடிக்காது" என்றாய். சின்ன வயதிலிருந்தே பிடிக்காதாமே. நான் கவனித்ததில்லை. உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

நேற்று நீ மேசையில் உட்கார்ந்து பொதுப் பக்கத்தில் சப்போரோவிலிருந்து ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாய். நான் பின்னால் வந்து நின்றேன். "இதுக்கு உங்களுக்குப் பதில் தெரியுமா?" என்று கேட்டாய். தெரியும் என்றேன். "சொல்லாதீங்க" என்றாய். நீ தப்பாகத் தொடங்கி, அழித்து, வேறு வழியில் போய், என் வழியைவிடச் சுருக்கமாக வந்து சேர்ந்தாய். வாயைத் திறக்காமல் நின்றிருந்தது எனக்குக் கடினம்தான். ஆனால் இந்த இரண்டு நாளில் நான் மிகவும் நன்றாக இருந்த நேரம் அது.

மறுபடி எப்போது பொதுப் பக்கத்துக்கு வருவீர்கள் என்று நீ கேட்டபோது தோள் வலி என்று சொன்னேன். அது உண்மையில்லை. உன் பிறந்தநாளுக்கு அடுத்த நாளே போய்ப் பார்த்தேன். நான் இல்லாத ஐந்து மாதத்தில் எலியாஸும் மற்றவர்களும் என் பகுதி முழுவதையும் புதிதாக எழுதிவிட்டார்கள். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். என்னைவிட நன்றாக. புதிதாக வந்தவர்கள் பலருக்கு என் பெயர் தெரியவில்லை. எலியாஸ் வரவேற்று அன்பாக எழுதினார், எந்த வேலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எதை எடுப்பது என்று தெரியாமல் மூடிவிட்டு வந்துவிட்டேன். இதை உன்னிடம் சொன்னால் உன்னால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொள்வாய் என்று சொல்லவில்லை. உன்னால் இல்லை. அந்தப் பொத்தானை அமுக்கியிருந்தால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். அமுக்க எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான்.

நவம்பரில் நீ ஒரு வரி கேட்டாய். எழுதத் தைரியம் வரவில்லை. என் பெயரையே வைத்துக்கொள் என்பதுதான் அந்த வரி. அதை அப்போது எழுதாததற்கு வருத்தமில்லை. நீ போட்ட கையெழுத்து சரியானது. அனாமி அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல். அவரை நீ இன்னும் எப்படிக் கூப்பிடுகிறாய் என்று எழுதியிருந்தாயே, சந்தோஷப்படக்கூடாது என்று சொல்லியிருந்தாய். கொஞ்சம் பட்டுவிட்டேன்.

இனி எந்த மாதம் யார் எழுதவேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை. அதனால் ரயில் போன அன்றே எழுதுகிறேன். தபால்பெட்டி முனையில்தான் இருக்கிறது. போட்டுவிட்டு வந்து படுக்கையை எடுத்து வைக்கிறேன். நாளைக்கும் எழுதக்கூடும். பதில் எழுத உனக்கு அவசரமில்லை.

புதுப் பள்ளிக்கு என் வாழ்த்துகள்.

அப்பா